பௌதிக மேதை பஞ்சரத்தினம்

எமது இலங்கை மண்ணிற் கிடைக்கும் இரத்தினக்கற்களுள் அயோலைற்று என்பதும் ஒன்று. கண்டிக் கல் வியாபாரிகள் அதன் இயல்பை நன்கறிவர். ஒரு பக்கமாக நோக்கின் ஊதா கலந்த நீலமாய் ஒளிரும். திருப்பி நோக்கின் வெளிறிய மஞ்சளாய்த் தோன்றும். கல் ஒன்றே, நோக்கும் திசையே வேறு. இக்கல்லின் ஒளியியலை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம். அன்னாரின் வரலாற்றை இம்மலர் வாயிலாக மன்றத்துத் தோழர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

1934ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த அவர், சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். இளமையிலேயே பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்து, மாமனின் கண்காணிப்பில் ஆய்வு நடத்தினார். 1956இல், தமது 22ஆம் வயதில், ஒளியின் தலையீடு பற்றி அரியதொரு கட்டுரை வரைந்தார்.

அதன் பொருளைச் சிறிது காண்போம். ஒளியின் அதிர்வுக்குத் திசையுண்டு. நிலைக்குத்தாக அதிரும் ஒளியின் எதிரே ஒரு முனைவாக்கித் தகட்டை அதே திசையில் வைத்தால் ஒளி செல்லும். தகட்டை 45 பாகை திருப்பினால் பாதி செல்லும். 60 பாகையிற் கால்பங்கு. 90 பாகையில் எதுவும் செல்லாது. நேர்கோட்டதிர்வு மட்டுமன்றி, வட்டமாகவும் நீள்வட்டமாகவும் அதிரும் ஒளியின் நிலைகளையும் ஒரு கோளத்தின் மேற் புள்ளிகளாகக் குறிக்கலாம். இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள வில் எவ்வளவோ, அதற்கேற்பவே செல்லும் பங்கும் அமையும் எனக் கேத்திரகணித வழியில் அவர் நிறுவினார். மேலும், பல நிலைகளூடாகச் சென்று பழைய நிலைக்கு மீளும் ஒளி, சென்ற பாதையின் சுவட்டைத் தன் அலையிற் சுமந்து வரும் என்பதையும் கண்டார்.

குவாண்டம் பௌதிகத்திலும் இதே விதி ஆட்சி செய்கின்றது. ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், எந்தத் துகளும் பாதியாய்ப் பிளவுபடாது. ஒன்றில் முழுதாய்ச் செல்லும், அன்றேல் தடைப்படும். அங்கே மேற்கூறிய பங்கே நிகழ்தகவாகின்றது. தகட்டின் கோணத்தைத் தெரிவு செய்பவர் நாம். அத்தெரிவைப் பொறுத்தே நிகழ்தகவு மாறும். எனினும் தனியொரு துகள் தரும் விடை எம் கையில் இல்லை.

பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த அவர், 1964இல் ஒக்ஸ்போர்ட் சென்றார். 1969இல், 35 வயதிலேயே, அங்கு காலமானார். 1984இல் பிரிஸ்டல் நகரின் மைக்கேல் பெரி, குவாண்டம் உலகில் இத்தகைய பாதைச் சுவட்டை விளக்கிப் புகழ் பெற்றார். 1986இல் இராமசேஷனும் நித்தியானந்தாவும் பஞ்சரத்தினத்தின் பழைய கட்டுரையை உலகுக்கு நினைவூட்டினர். பெரியும் அதன் முதன்மையை மனமுவந்து ஏற்று எழுதினார்.

அப்பெருமையைக் காண அவர் உயிருடன் இல்லை. ஆயினும் செம்மையாகச் செய்த பணி முப்பது ஆண்டுகள் காத்திருந்து தன் இடத்தைப் பெற்றது. தோழர்களே, புகழ் வரும் நாளை எண்ணாது கற்போமாக. பெரியோர்களே, இளையோர் கேட்கும் கேள்வியைச் சிறிதெனத் தள்ளாது ஆதரிப்பீர்களாக.