கரும்பு அறிஞர் வேங்கடராமன்

வடஇந்தியக் கரும்பு ஒரு காலத்தில் மெலிந்து, சாறு குன்றி, உழவருக்குப் போதிய பயன் தராதிருந்தது. தென்னாட்டின் தடித்த கரும்போ அங்குள்ள குளிரைத் தாங்கவில்லை. இக்குறை தீர்க்க 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அங்குப் பார்பர் என்னும் ஆங்கில அறிஞரோடு பணியாற்றியவர் டி. எஸ். வேங்கடராமன் (1884–1963). அவ்விருவரும் இனிய வெள்ளைக் கரும்பை ஆற்றங்கரை நாணலோடு மகரந்தச் சேர்க்கையால் இணைத்தனர். நாணல் இனிக்காது, ஆயினும் குளிரும் வறட்சியும் தாங்கும். இருபண்பும் பெற்ற சேய்க்கரும்பு, ‘கோ 205’ என்னும் பெயரோடு 1918-இல் பஞ்சாப் வயல்களை அடைந்தது. பின்னர் நிலையத் தலைவராகி மேலும் பல வகைகளை அவர் உருவாக்கினார். வேண்டிய மரபணுவை மட்டும் எடுத்துப் பொருத்தும் மரபணுப் பொறியியல் தோன்றுமுன்பே, எளிய புல்லின் நற்பண்பைப் பயிரிற் சேர்த்து உழவரை வாழ்வித்தவர் வேங்கடராமனார்.