பாட்டில்லாப் படமெடுத்த வீணைக் கலைஞர்

பாடல்கள் இல்லாத தமிழ்த் திரைப்படத்தைக் கற்பனை செய்வதே கடினமாக இருந்த காலத்தில், 1954-இல் வெளிவந்தது 'அந்த நாள்'. அதில் ஒரு பாடல்கூட இல்லை. அத்தகைய துணிவைக் காட்டிய இயக்குநர் இசை அறியாதவர் அல்லர். பின்னாளில் உலக அரங்குகளில் வீணைக்காகவே அறியப்பட்ட எஸ். பாலசந்தர்தான் அவர். தன்னிடம் மிகுதியாக இருந்த ஒன்றையே தேவையில்லாத இடத்தில் விலக்கிவைக்க அவரால் முடிந்தது. அவருடைய பல துறைப் பயணத்தைப் புரிந்துகொள்ள அந்தத் தெளிவே உதவும்.

1927 ஜனவரி 18 அன்று சென்னையில் பிறந்தவர் பாலசந்தர். தந்தை சுந்தரம் ஐயர் வழக்குரைஞர், இசையில் தோய்ந்தவர். 1934-இல் வெளியான 'சீதா கல்யாணம்' படத்தில் அந்தக் குடும்பமே இடம்பெற்றது. அண்ணன் எஸ். ராஜம் ராமர்; சகோதரி ஜெயலட்சுமி சீதை; தந்தை ஜனகர். சிறுவன் பாலசந்தர் இராவணன் அவையில் இசைக்கும் குழந்தைக் கலைஞராகத் தோன்றினார். ராஜம் பின்னர் பாடகராகவும் ஓவியராகவும் புகழ்பெற்றார். தம்பியோ கஞ்சிராவில் தொடங்கி, தபேலா, ஆர்மோனியம், சிதார் என ஒவ்வொரு கருவியாகப் பயின்று, இறுதியில் வீணையை வந்தடைந்தார். வீணைக்கு அவருக்குக் குரு என்று எவரும் இல்லை.

திரையுலகிலும் அவர் ஒரே இருக்கையில் அமரவில்லை. 1948-இல் 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேடமேற்று, இசையும் அமைத்தார். அதே ஆண்டில் 'என் கணவர்' படத்தை இயக்கினார். 1951-இல் 'கைதி' வந்தது. அடுத்து ஏவி.எம். நிறுவனத்துக்காக அவர் இயக்கியதே 'அந்த நாள்'. இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் ஒரு வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொலையைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமான்' காட்டிய கதைசொல்லும் முறையின் சாயல் அதில் உண்டு. நாயகன் சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் பாத்திரத்தில் நடித்தார். படம் தேசிய விருதுச் சான்றிதழ் பெற்றது. வணிகத்திலோ அன்று பெரிய வெற்றி காணவில்லை. இன்று தமிழின் தலைசிறந்த படங்களின் வரிசையில் அது தவறாமல் இடம்பெறுகிறது.

பின்னர் அவர் எஸ்.பி. கிரியேஷன்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கித் தயாரிப்பாளரும் ஆனார். 'அவனா இவன்' 1962-இலும், 'பொம்மை' 1964-இலும், 'நடு இரவில்' 1970-இலும் வெளிவந்தன. கே.ஜே. யேசுதாஸின் குரல் 'பொம்மை' படத்தில் ஒலித்தது. அப்படத்தின் முடிவில் தம்முடன் உழைத்த தொழில்நுட்பக் கலைஞர்களைத் திரையிலேயே ஒருவர்பின் ஒருவராக அறிமுகப்படுத்தினார் பாலசந்தர். உழைப்பாளியின் முகம் பொருளின் பின்னே மறைந்துபோகும் உலகில், அது சிறிய செயல் அன்று.

ஆயினும், அவருடைய வாழ்வின் நடுநாயகம் வீணைதான். தஞ்சாவூர், மைசூர் என வீணை வாசிப்பில் வேரூன்றிய மரபுகள் இருந்தன. பாலசந்தர் அவற்றில் எதையும் அப்படியே பின்பற்றவில்லை. ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களை எழுப்பும் கமக முறையை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். ராக ஆலாபனையை நிதானமாக விரித்தார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கச்சேரிகள் செய்தார். 72 மேளகர்த்தா ராகங்கள் அனைத்தையும் 12 இசைத்தட்டுகளில் பதிவுசெய்தது அவருடைய பெருமுயற்சி. 1982-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

இணக்கமான மனிதராக அவர் அறியப்படவில்லை. புதிய ராகங்களைப் படைத்ததாக எம். பாலமுரளிகிருஷ்ணா கூறியதை எதிர்த்து வாதிட்டார். சுவாதித் திருநாள் பெயரால் வழங்கும் கீர்த்தனைகள் அவர் இயற்றியவைதாமா என்ற கேள்வியை எழுப்பி, இசையுலகில் பெரும் புயலைக் கிளப்பினார். அவருடைய முடிவுகளை ஏற்காதவர் பலர். அந்த வாதங்களில் அவர் செலவிட்ட ஆண்டுகள் வீணைக்கு இழப்பு என்று கருதவும் இடமுண்டு. யாருக்கும் வளையாத அதே குணம்தான் பாட்டில்லாப் படத்தையும் நமக்குத் தந்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

பொருளியல் மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுவது வேலைப் பகுப்பு. குண்டூசித் தொழிற்சாலையை எடுத்துக்காட்டி, ஒருவர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் உற்பத்தி பெருகும் என்றார் ஆடம் ஸ்மித். அவரே, அத்தகைய வேலை மனிதனின் அறிவை மழுங்கடிக்கும் என்றும் எச்சரித்தார். முதல் பாதியை நாம் மனப்பாடம் செய்தோம். இரண்டாம் பாதியை மறந்தோம். நான் வாழும் ஓசூர், வேலைப் பகுப்பால் வளர்ந்த ஊர். வாகனமும் கைக்கடிகாரமும் உருவாகும் இந்நகரில், ஒரே இயந்திரத்தின்முன் இளமையைக் கழிப்பவர் ஏராளம். அந்த இயந்திரம் மாறும் நாளில் அவர்களுடைய திறனுக்கு மதிப்பில்லாமல் போகிறது.

பாலசந்தரின் வாழ்க்கை இதற்கு எளிய தீர்வு எதையும் தரவில்லை. இசைச் சூழல் நிறைந்த வீடும், தேடிக் கற்பதற்கான அவகாசமும் அவருக்கு வாய்த்தன. ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடும் மற்றொரு வழியின் பயனை வாய்ப்புச் செலவு என்பார்கள். வெற்றிச் சூத்திரத்தைப் புறக்கணித்த ஒவ்வொரு முறையும் அவர் அச்செலவை ஏற்றார். அதைத் தாங்கும் வலிமை எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. ஷிப்ட் முடிந்து களைத்து வரும் இளைஞனிடம், நீயும் பத்துக் கலைகளைக் கற்றுக்கொள் என்று அறிவுரை கூறுவது அறமாகாது. கற்பதற்கான நேரத்தையும் இடத்தையும் ஏற்படுத்தித் தருவதே கல்விக்கூடங்களும் நிறுவனங்களும் அரசும் செய்யவேண்டியது. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாவதாக ஒரு தொழிலையும் கற்க வாய்ப்பு, மாலையில் திறந்திருக்கும் நூலகம், இசை பயில ஓர் அறை ஆகியவை எட்டாக்கனிகள் அல்ல.

1990 ஏப்ரல் 13 அன்று, கச்சேரிக்காகச் சென்றிருந்த பிலாயில் மாரடைப்பால் பாலசந்தர் காலமானார். அப்போது அவருக்கு வயது 63. பிலாய், உருக்காலையைச் சுற்றி எழுந்த ஊர். ஆலைத் தொழிலாளர் வாழும் நகருக்கும் வீணை தேவைப்பட்டது. அதை ஏந்தி அவர் அங்கே சென்றார். ஓசூருக்கும் அந்தத் தேவை உண்டு.