துப்பாக்கி மேதை பிரவுனிங்

துப்பாக்கியில் தோட்டாக்களை நிரப்பி, மாதக் கணக்கில் அப்படியே வைத்து விட்டால், உள்ளே இருக்கும் "ஸ்பிரிங்" தளர்ந்து போகுமா?

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றும் கேட்கும் கேள்வி இது. இன்றைய கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை, ஜான் மோசஸ் பிரவுனிங் வகுத்த முறையில் அமைந்தவை. அவர் கதையைப் பார்த்தால், விடையும் கிடைத்துவிடும்.

பத்து வயதில்...

1855-ம் ஆண்டில், அமெரிக்காவில் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் என்ற ஊரில் பிரவுனிங் பிறந்தார். தகப்பனார் துப்பாக்கி செய்கிறவர். அவருடைய பட்டறையில்தான் பையன் வளர்ந்தான்.

10 வயதில், பட்டறையில் கிடந்த பழைய குழாயையும் மரக்கட்டையையும் சேர்த்து, ஒரு துப்பாக்கி செய்தான். தம்பியை அழைத்துக்கொண்டு போய், காட்டுக்கோழி சுட்டு வந்தான்.

மறுநாள் காலையில் தகப்பனார் கோழிக்கறியைச் சாப்பிட்டார். பிறகு, துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். பாராட்டவில்லை! 11 வயது ஆகப் போகிற பிள்ளை இதைவிட நன்றாகச் செய்யக்கூடாதா என்றுதான் கேட்டார்.

பையன் நன்றாகவே செய்தான். 1883-ல், அவர் அமைத்த துப்பாக்கியின் உரிமையை "வின்செஸ்டர்" கம்பெனி விலைக்கு வாங்கியது.

செடிகள் சாய்ந்தன

1889-ல் ஒரு நாள். துப்பாக்கி வெடிக்கும்போது, எதிரே இருந்த செடிகள் சாய்வதைப் பிரவுனிங் கவனித்தார். வீணாகப் போகும் அந்த வேகத்தைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன என்று எண்ணினார். தானாகவே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் அவர் பட்டறையில் உருவாயின.

1911-ம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்க ராணுவம் அவருடைய கைத்துப்பாக்கியைச் சோதித்தது. மொத்தம் 6 ஆயிரம் குண்டுகள் சுடப்பட்டன. துப்பாக்கி கொதித்தபோது, தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். ஒரு தடவை கூட அது மக்கர் செய்யவில்லை!

அதே மாதம் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1985 வரை அதுவே அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கியாக இருந்தது.

ஸ்பிரிங் தேயுமா?

அந்தத் துப்பாக்கியின் கைப்பிடிக்குள் ஒரு சிறிய எஃகுப் பெட்டி உண்டு. அதற்கு "மேகசின்" என்று பெயர். அதில் 7 தோட்டாக்கள் அடுக்கலாம். அடியில் ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். ஒரு குண்டு வெடித்ததும், அது அடுத்த தோட்டாவை மேலே தள்ளும். தள்ளத் தவறினால், போர்க்களத்தில் சிப்பாயின் உயிர் போய்விடும்.

ஒரு கம்பியை வளைத்து அப்படியே வைத்தால், அது முறிவதில்லை. இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் முறிந்துவிடும். ஸ்பிரிங்கும் அப்படித்தான். நல்ல எஃகில் செய்த ஸ்பிரிங், தாங்கும் அளவுக்குள் அமுங்கிக் கிடப்பதால் அநேகமாகக் கெடுவதில்லை. திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதால்தான் தேய்கிறது. அளவுக்கு மீறி அமுக்கினாலும், துருப்பிடித்தாலும் கெட்டுப் போகும்.

ஆகவே, தோட்டா நிரம்பிய மேகசினைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஓயாமல் சுட்டுப் பழகும் மேகசினுக்குத்தான் அவ்வப்போது ஸ்பிரிங் மாற்ற வேண்டும்.

கடைசி வேலை

பிரவுனிங் 128 கண்டுபிடிப்பு உரிமைகள் பெற்றார். முதுமையிலும் ஓய்வு எடுக்கவில்லை. 1926-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, பெல்ஜியத்தில் லீஜ் நகரை அடுத்த தொழிற்சாலையில் இருந்தபோது, மாரடைப்பால் காலமானார். வயது 71. அவர் உடல் ஆக்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் பாதியில் விட்டுச் சென்ற கைத்துப்பாக்கியை, அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் முடித்தார்கள். 1935-ல் அது வெளிவந்தது. அதன் மேகசினில் 13 தோட்டாக்கள்!