ரத்தத்தைச் சேமித்த டாக்டர்

அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டன். அங்கே தரைக்கம்பளம் விரிக்கும் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாக 1904-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி பிறந்தார், சார்லஸ் ட்ரூ. அவர் கறுப்பு இனத்தவர்.

ஓட்டப் பந்தயத்திலும் பந்தாட்டத்திலும் அவர் சூரர். ஆனால், டாக்டர் ஆக வேண்டும் என்பதே ஆசை. கையில் பணம் இல்லை. இரண்டு ஆண்டுகள் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து பணம் சேர்த்தார். பிறகு கனடா சென்று படித்து, 1933-ல் டாக்டர் ஆனார்.

மஞ்சள் நீர்

அடிபட்டவருக்கு ரத்தம் நிறையக் கொட்டிவிட்டால், இதயம் துடித்தாலும் மூளைக்குப் போதிய ரத்தம் போகாது. உயிர் பிழைக்க வேண்டுமானால், ரத்தப் போக்கை நிறுத்த வேண்டும். இழந்ததை ஈடுகட்டவும் வேண்டும்.

அதற்கு ரத்தம் தயாராக இருக்க வேண்டுமே! எடுத்து வைத்த ரத்தமோ அந்தக் காலத்தில் சில நாட்களில் கெட்டுவிடும்.

ரத்த அணுக்களை நீக்கினால் மஞ்சள் நிற நீர் மிஞ்சும். அதுதான் "பிளாஸ்மா". அது அதிக நாள் கெடாது. தொலைதூரத்துக்கும் அனுப்பலாம். இவற்றைச் சேமிக்கும் முறைகளை ஆராய்ந்து, 1940-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயர்ந்த பட்டம் பெற்றார், ட்ரூ.

அதே ஆண்டு, இங்கிலாந்து மீது ஜெர்மனி குண்டு மாரி பொழிந்தது. காயம் அடைந்தவர்களுக்கு அனுப்ப, நியூயார்க் நகரில் பிளாஸ்மா சேகரித்தார்கள். அந்தப் பணிக்கு ட்ரூ தலைமை தாங்கினார். 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ரத்தம் கொடுத்தார்கள். கிருமி புகாமல் பிளாஸ்மாவைப் பிரித்து அனுப்ப, அவர் கண்டிப்பான விதிகளை வகுத்தார்.

ரத்தத்தில் பேதமா?

அமெரிக்காவும் 1941-ல் போரில் இறங்கியது. ராணுவத்துக்காக ரத்தம் திரட்டியபோது, முதலில் கறுப்பர்களின் ரத்தம் வேண்டாம் என்றார்கள். பிறகு வாங்கினார்கள், ஆனால் தனியாகப் பிரித்து வைத்தார்கள். வழி காட்டியவரின் ரத்தத்துக்கே இந்தக் கதி!

இதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரமே இல்லை என்று ட்ரூ கண்டித்தார். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பு இன இளைஞர்கள் பலரை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் ஆக்கினார்.

1950-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, மருத்துவக் கூட்டம் ஒன்றுக்குக் காரில் போனார். இரவெல்லாம் பயணம். காரை ஓட்டும்போதே கண் அயர்ந்தார். கார் கவிழ்ந்தது. வெள்ளைக்கார டாக்டர்கள் அவரைக் காப்பாற்றப் போராடினார்கள். காயம் மிகக் கடுமை. 45 வயதில் ட்ரூ மறைந்தார்.

ரத்தத்தை இனவாரியாகப் பிரிக்கும் வழக்கத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் அதே ஆண்டில் கைவிட்டது.

ரத்தத்தில் வகை உண்டு. சாதி இல்லை, நிறபேதமும் இல்லை.