பாசுரங்களை அரங்கேற்றிய இசைவாணர்

நுழையும்முன்

வழிபாட்டிடத்தில் பிறந்த பாடல், கலையரங்கில் ஒலிக்கும்போது தன் பத்திமையை இழந்துவிடுமா? அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களை 1950ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடிய மகேலியா ஜாக்சன், இழக்காது என்று காட்டினார். அதையே தமிழகத்தில் தம் இசையால் மெய்ப்பித்தவர் செட்டிநாட்டில் பிறந்த அரியக்குடி இராமானுச ஐயங்கார்.

பிறப்பும் சூழலும்

இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை அடுத்துள்ள சிற்றூர் அரியக்குடி. நகரத்தார் எழுப்பிய திருவேங்கடமுடையான் கோயில் அங்கு அமைந்துள்ளது. தென் திருப்பதி என்று போற்றப்படும் அத்திருத்தலத்தில் 1890ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் இராமானுசர் பிறந்தார். ஆழ்வார்களின் பாசுரங்கள் நாள்தோறும் ஒலிக்கும் வைணவச் சூழல் அவருடையது. கோயில் விழாக்களிலும் இல்ல விழாக்களிலும் இசைவாணர்களை அழைத்துச் சிறப்பித்த நகரத்தாரின் ஆதரவால் அப்பகுதியெங்கும் இசை தழைத்திருந்தது.

குருகுலப் பயிற்சி

புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும், பின்னர் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் இராமானுசர் இசை பயின்றார். அதன்பின், பூச்சி ஐயங்கார் என வழங்கப்பெற்ற இராமநாதபுரம் சீனிவாச ஐயங்காரின் மாணவரானார். சீனிவாச ஐயங்கார் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவர். அவர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரின் மாணவர். அவரோ தியாகராசரிடமே நேரில் பயின்றவர். இவ்வாறு தியாகராசரின் இசைமரபு வழிவழியாக இராமானுசரை வந்தடைந்தது.

கச்சேரிக்கு ஓர் ஒழுங்கு

இராமானுசர் பாடத் தொடங்கிய காலம் மாற்றத்தின் காலமாகும். அரண்மனைகளையும் பெருநிலக்கிழார்களின் இல்லங்களையும் சார்ந்திருந்த இசை, நகரங்களின் சபைகளை நாடி வந்துகொண்டிருந்தது. அரண்மனையில் இலக்கணம் அறிந்த சிலர் நெடுநேரம் அமர்ந்து ஒரே பல்லவியை நுணுகிக் கேட்டனர். சபைகளிலோ பலதரப்பட்ட மக்கள் கூடினர். நீட்டிப் பாடினால் அவர்கள் சோர்வர். சுருக்கிப் பாடினால் கலையின் ஆழம் குன்றும். இந்த இக்கட்டுக்கு இராமானுசர் கண்ட விடையே கச்சேரி முறை என்று இன்று நாம் அறிவது.

விறுவிறுப்பான வர்ணத்துடன் நிகழ்ச்சியைத் தொடங்குவார். அடுத்துச் சிறிய கீர்த்தனைகள் சிலவற்றை நடுத்தர வேகத்தில் பாடுவார். அவையினர் மனம் ஒன்றியபின், ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவற்றுடன் ஒரு பெரிய கீர்த்தனையை விரித்துரைப்பார். மிருதங்கக் கலைஞரின் தனி ஆவர்த்தனம் தொடரும். இராகம், தானம், பல்லவியும் இடம்பெறும். நிறைவாகத் திருப்புகழ், பாசுரம், பதம், தில்லானா முதலிய சிறுபாடல்களைப் பாடி மங்களத்துடன் முடிப்பார். எதையும் விலக்காமல், ஒவ்வொன்றுக்கும் உரிய அளவை அவர் வகுத்தார். அடுத்தடுத்த தலைமுறைப் பாடகர்கள் அவ்வழியையே பின்பற்றினர்.

முப்பது பாசுரங்கள்

தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்னும் குரல் வலுத்த காலமும் அதுவே. செட்டிநாட்டைச் சேர்ந்த அண்ணாமலை அரசர் அவ்வியக்கத்தின் முன்னோடியாக விளங்கினார். 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பாடுவதற்குத் தக்க மெட்டுகள் அமைந்தால்தான் அக்குரலுக்குப் பயன் விளையும். அப்பணிக்கு இராமானுசரின் பங்களிப்பு பெரிது.

ஆண்டாள் அருளிய திருப்பாவை, மார்கழி விடியலில் கோயில்களிலும் இல்லங்களிலும் சேவிக்கப்பட்டு வந்தது. அதன் முப்பது பாசுரங்களுக்கும் அவர் இசையமைத்தார். முதல் ஐந்து பாசுரங்களுக்கு முறையே நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய இராகங்களைத் தேர்ந்தார். தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் அமைந்துள்ள ஐந்து இராகங்களும் இவையே, வரிசையும் அதுவே. மேடையில் மிக உயர்ந்ததாக மதிக்கப்பட்ட தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு நிகரான இருக்கையைத் தமிழ்ப் பாசுரங்களுக்கு அவர் வாதம் எதுவுமின்றி வழங்கிவிட்டார் என்பதை இத்தேர்வு உணர்த்துகிறது. நிறைவுப் பாசுரத்தைச் சுருட்டி இராகத்தில் மங்கலமாக முடித்தார். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளுக்கும் அவர் அமைத்த மெட்டுகள் புத்துயிர் அளித்தன.

இம்மெட்டுகளில் சொல் சிதைவதில்லை; இசையின் இலக்கணமும் வழுவுவதில்லை. அதனால் தேர்ந்த கலைஞர் மேடையில் பாடவும், எளிய பத்தர் இல்லத்தில் பாடவும் அவை ஒருங்கே பொருந்தின.

பெருமைகளும் மாணவர்களும்

சென்னை மியூசிக் அகாதெமி 1938ஆம் ஆண்டில் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை வழங்கியது. சங்கீத நாடக அகாதெமியின் 1952ஆம் ஆண்டு விருதுகளில் கருநாடக இசைக்கு உரியவை இரண்டு: வாய்ப்பாட்டுக்கு அரியக்குடியும், கருவியிசைக்கு வீணைக் கலைஞர் காரைக்குடி சாம்பசிவ ஐயரும் பெற்றனர். அவ்விரு விருதாளர்களின் பெயர்களிலும் செட்டிநாட்டு ஊர்கள் முன்னின்றன. 1958ஆம் ஆண்டில் நடுவண் அரசு பத்ம பூஷண் விருதளித்தது. கே.வி. நாராயணசாமி, பி. இராசம் ஐயர், மதுரை என். கிருஷ்ணன் முதலியோர் அவருடைய மாணவர்கள்.

மார்கழி கழிந்து தைத்திங்கள் பிறந்த சில நாள்களில், 1967ஆம் ஆண்டு சனவரி 23 அன்று, அவர் இயற்கை எய்தினார். ஆண்டுதோறும் மார்கழி விடியலில் திருப்பாவை இசைக்கும் குரல்கள் பலவற்றில் அவருடைய மெட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. பாடுவோரில் பலர் அவர் பெயரை அறியார். திருவேங்கடமுடையான் கோயிலின் நிழலில் அவர் கேட்டு வளர்ந்த தமிழ், இவ்வாறு தன் மக்களிடமே இசையாகத் திரும்பியிருக்கிறது.