பாட்டில் கடைப் பையன், இந்தியாவின் முதல் 'சர்'

ஊரிலிருந்து வந்த உறவினருக்கு உடம்பு சரியில்லை என்றால் பைகுல்லாவில் இறங்கி ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்காத தமிழர் மும்பையில் குறைவு. மாகிமிலிருந்து பாந்திராவுக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கடலை ஒட்டிய நீண்ட பாலச் சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். மின்சார ரயிலில் சர்ச்கேட் போகிற குமாஸ்தாக்கள் தினமும் சர்னி ரோடு ஸ்டேஷனைப் பார்க்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே குடும்பம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பெயரில் இருக்கும் இரண்டு 'ஜே'யும் ஒரே ஆளைக் குறிப்பவை. ஜாம்செட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வியாபாரி அவர். சீனாவோடு வாணிபம் செய்து பெரும் பணம் சேர்த்தவர். என்ன சரக்கு விற்றுச் சேர்த்தார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அனாதைப் பையன்

1783-ம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜாம்ஷெட். 1799-ல் தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். அப்போது பையனுக்கு வயது 16. பம்பாயில் இருந்த மாமா பிராம்ஜி நசர்வான்ஜியிடம் வந்து சேர்ந்தார்.

மாமாவுக்குக் காலி பாட்டில் வியாபாரம். சீமையிலிருந்து வந்த சாராயத்தைத் துரைமார்கள் குடித்து முடித்ததும், அந்தப் பாட்டில்களை வாங்கி விற்பது. அதனால் குடும்பத்துக்கே 'பாட்லிவாலா' என்று பெயர் வந்துவிட்டது. மருமகனுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் அதற்காக வெட்கப்படவில்லை.

பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. குஜராத்தி தெரியும், கணக்கு தெரியும், இங்கிலீஷ் கொஞ்சம். பம்பாய் பஜாரில் பணம் புரண்டது குஜராத்தி பேசும் சேட்டுகளிடம். அவர்களோடு பழக வேண்டுமானால் பெயரும் அவர்கள் காதுக்குப் பழக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஜாம்ஷெட் என்ற பாரசீகப் பெயர் ஜாம்செட்ஜி ஆனது இப்படித்தான்.

கப்பல் பிடிபட்டது

வந்த வேகத்திலேயே கல்கத்தா போனார். அங்கிருந்து சீனாவுக்குக் கப்பல் ஏறினார். மொத்தம் ஐந்து முறை சீனா போய் வந்தார். ஒரு பயணத்தில் லாபம், ஒரு பயணத்தில் நஷ்டம்.

அது நெப்போலியன் யுத்த காலம். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலீஷ் கப்பல்களைக் கடலில் மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1805-ல் 'பிரன்ஸ்விக்' என்ற கும்பினிக் கப்பல் பஞ்சு ஏற்றிக்கொண்டு பம்பாயிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்டது. ஜீஜீபாய் அதில் இருந்தார். இலங்கையின் காலி துறைமுகத்துக்கு அருகே பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் அதைப் பிடித்துவிட்டன. சரக்கு போயிற்று. ஆட்களை ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இருக்கும் நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டு போனார்கள். கையில் காசில்லை, தெரிந்தவர் இல்லை. அலைந்து திரிந்து, கடைசியில் ஒரு டென்மார்க் கப்பலில் இடம் பிடித்துக் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

ஆனால் பிடிபட்ட அந்தக் கப்பலில் வேறொரு வாலிபரும் இருந்தார். கப்பல் டாக்டர், பெயர் வில்லியம் ஜார்டின், ஸ்காட்லாந்துக்காரர். ஜீஜீபாயைவிட ஒரு வயது இளையவர். கும்பினிக் கப்பல் டாக்டருக்குச் சொந்தச் சரக்கு ஏற்றிக்கொள்ளக் கொஞ்சம் இடம் தருவார்கள். அதனால் டாக்டருக்கு வைத்தியத்தைவிட வியாபாரத்தில் புத்தி அதிகம் போனது. பஞ்சு நஷ்டமான அந்தப் பயணத்தில் கிடைத்த இந்தப் பழக்கம்தான் ஜீஜீபாய்க்கு வாழ்நாள் முதலாக நின்றது.

வாசல் பூட்டிய ஊர்

சீனாவில் அன்று வியாபாரம் செய்வது லேசல்ல. வெளிநாட்டார் வர அனுமதித்தது கான்டன் என்ற ஒரே துறைமுகத்துக்குத்தான். அங்கும் நகரத்துக்குள் விடமாட்டார்கள். மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையில் வரிசையாகக் கட்டிய கிடங்குகளில்தான் தங்க வேண்டும். பெண்களை அழைத்து வரக்கூடாது. வியாபாரப் பருவம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு மக்காவ் போய்விட வேண்டும்.

யாரிடம் வேண்டுமானாலும் சரக்கை விற்கவும் முடியாது. சர்க்கார் நியமித்த சில 'ஹாங்' வியாபாரிகள் இருந்தார்கள். எல்லாம் அவர்கள் மூலமாகத்தான். வெளிநாட்டான் தப்புச் செய்தால் அந்த ஹாங் வியாபாரியின் தலை உருளும். அவன் கட்டாத வரிக்கும் இவரே பொறுப்பு.

சீன மொழியை வெளிநாட்டாருக்குக் கற்றுக்கொடுப்பது குற்றம். ஆகவே இங்கிலீஷும் போர்ச்சுகீசியமும் சீனமும் கலந்து ஒரு பாஷை உண்டாயிற்று. தாதர் மார்க்கெட்டில் வந்த புதிதில் நம்மவர்கள் பேசும் இந்தி மாதிரி. இலக்கணம் கிடையாது, ஆனால் விலை மட்டும் தப்பாமல் படியும். லட்சக்கணக்கில் தேயிலை, பட்டு, பஞ்சு எல்லாம் இந்தப் பாஷையில்தான் கைமாறின.

எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தைவிட வாய்ச் சொல்லுக்கு அங்கே மதிப்பு. ஹௌக்வா என்ற ஹாங் வியாபாரி உலகத்திலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கியவர். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று அமெரிக்கர்கள்கூட நம்பினார்கள். வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பார்சிகளும் இங்கே பஜாரில் பழகிய விதத்திலேயே அங்கேயும் பழகினார்கள். கடிதாசைவிட ஆளைப் பார்ப்பது இரண்டு பக்கமும் ஒத்துப்போன வழக்கம்.

நாலு ஜாதி, ஒரு கணக்கு

ஐந்தாவது பயணத்தோடு ஜீஜீபாய் கப்பல் ஏறுவதை நிறுத்திவிட்டார். பம்பாயில் உட்கார்ந்தே வியாபாரம் நடத்தினார். 1814-ல் 'குட் சக்ஸஸ்' என்ற கப்பலைச் சொந்தமாக வாங்கினார். பிறகு இன்னும் பல கப்பல்கள் வந்தன.

1818-ல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அவர் சேர்த்துக்கொண்ட கூட்டாளிகளைக் கவனிக்க வேண்டும். ஒருவர் மோதிசந்த் அமிசந்த், ஜைனர். பைகுல்லாவில் இருக்கும் பெரிய ஜைனக் கோயில் அவர் கட்டியது. மாளவத்து சேட்டுகளோடு அவருக்குத் தொடர்பு. இன்னொருவர் முகமது அலி ரோகே, கொங்கணி முஸ்லிம். கப்பல் தலைவர்களும் மாலுமிகளும் அவருக்குப் பழக்கம். பிறகு சேர்ந்தவர் ரோஜேரியோ டி ஃபாரியா, கோவா கிறிஸ்தவர். தாமனில் இருந்த போர்ச்சுகீசிய அதிகாரிகளிடம் அவருக்குச் செல்வாக்கு.

பார்சி, ஜைனர், முஸ்லிம், கிறிஸ்தவர். ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிடுவது சந்தேகம். ஆனாலும் ஒரே பேரேட்டில் நான்கு பேர் கணக்கும் ஓடியது. உற்பத்தி செய்கிற இடம், ஏற்றுகிற துறை, கொண்டுபோகிற கப்பல், விற்கிற ஊர் என்று ஒவ்வொரு வாசலுக்கும் சாவி ஒருவர் கையில் இருந்தது. ஆள் சேர்ப்பதில் ஜீஜீபாய்க்கு இருந்த சாமர்த்தியம் பெரும் படிப்புப் படித்த துரைமாருக்கும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

கான்டனில் இருந்தவர் பழைய சிநேகிதர் ஜார்டின். அவர் மேதிசனோடு சேர்ந்து 1832-ல் 'ஜார்டின் மேதிசன்' கம்பெனியைத் தொடங்கினார். ஜார்டின் ஆபீசில் அவருக்கு மட்டும்தான் நாற்காலி என்றும், வந்தவர் நின்றே பேசிவிட்டுப் போக வேண்டும் என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்ட கறாரான ஆள், பம்பாய்க்காரர் சரக்கை நம்பி வாங்கினார். இவரும் அவரை நம்பி அனுப்பினார்.

இந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பது சரக்கு ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்குப் புரியும். இன்று ரயிலில் ஒரு பார்சல் போட்டால் ரசீது உண்டு, எடை உண்டு, காணாமல் போனால் கேட்க இடம் உண்டு. அன்று தந்தி கிடையாது. பாய்மரக் கப்பல் பருவக் காற்றை நம்பிப் போக வேண்டும். கடிதம் எழுதினால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். என்ன விலைக்கு விற்றார், நல்ல விலைக்குத்தான் விற்றாரா என்று நேரில் பார்க்க வழி இல்லை. விற்ற பணமோ நேராகத் திரும்பி வராது. லண்டனில் மாற்றுகிற உண்டியலாக வரும். அல்லது தேயிலையாகவும் பட்டாகவும் லண்டன் போய், அங்கே பணமாகும்.

விஷச் சரக்கு

முதலில் பஞ்சு. பிறகு, அதைவிட லாபமாக, அபின்.

இங்கிலீஷ்காரனுக்குச் சீனத் தேயிலை வேண்டும். சீனனுக்கோ இங்கிலீஷ் சாமான் எதுவும் வேண்டாம். வெள்ளிதான் கேட்டான். கப்பல் கப்பலாக வெள்ளி கொடுத்து மாளவில்லை. அதற்கு ஈடுகட்டக் கிடைத்தது இந்திய அபின். வங்காளத்து அபினைக் கும்பினியே எடுத்துக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. மாளவத்து அபின் சமஸ்தானங்களில் விளைந்ததால் கும்பினியின் பிடிக்குள் அகப்படவில்லை. அது தாமன் வழியாகவும், பின்னால் 1830-க்குப் பிறகு வரி கட்டி பம்பாய் வழியாகவும் போனது. ஜீஜீபாயின் நான்கு சாவிகளும் இந்தச் சரக்குக்குத்தான் மிகவும் பயன்பட்டன.

சீனாவில் அபினுக்குத் தடை இருந்தது. ஆகவே கப்பல்கள் கான்டனுக்குக் கொண்டுபோகாமல் லின்டின் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டு நின்ற மிதக்கும் கிடங்குகளில் இறக்கிவிட்டு, சுத்தமாக ஊருக்குள் போகும். வேகப் படகுகளில் சீனர்களே வந்து வெள்ளியைக் கொடுத்து அள்ளிக்கொண்டு போவார்கள். அதிகாரிகளுக்கு மாமூல் உண்டு. பம்பாயில் இருந்த வியாபாரி கையில் கறை படவில்லை. ஆனால் கரையோர ஊர்களில் குடும்பம் குடும்பமாகச் சீரழிந்தது அந்தச் சரக்கால்தான். இதை ஜீஜீபாய் அறியாதவர் என்று சொல்ல முடியாது. ஐந்து முறை அந்த நாட்டுக்குப் போய் வந்தவர்.

1839-ல் சீனச் சக்கரவர்த்தி லின் என்ற அதிகாரியை கான்டனுக்கு அனுப்பினார். லஞ்சம் வாங்காத மனிதர். வெளிநாட்டாரைக் கிடங்குகளில் முற்றுகையிட்டு, 20,000-க்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைப் பறித்து, சுண்ணாம்பும் உப்பும் கலந்து அழித்துக் கடலில் விட்டார். அதில் பம்பாய் வியாபாரிகளின் சரக்கு ஏராளம். ஜீஜீபாய்க்கும் பலத்த அடி.

பிரிட்டன் சண்டைக்குப் போனது. சீனா தோற்றது. 1842-ல் நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் பிரிட்டனுக்குப் போயிற்று. சீனா 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தண்டம் கட்ட வேண்டும். அதில் 60 லட்சம், அழித்த அபினுக்கு. பம்பாய்க்காரர்களுக்கு இந்தப் பணம் தாமதமாகத்தான் வந்தது, முழு விலையும் கிடைக்கவில்லை.

அதே 1842-ல் ஜீஜீபாய்க்கு விக்டோரியா ராணி 'சர்' பட்டம் கொடுத்தார். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

கொடுத்த கை

வாங்கிய கை கொடுக்கவும் செய்தது. இதையும் மறைப்பது நியாயமல்ல. பட்டத்துக்கு ஆசைப்பட்டுக் கடைசியில் கொடுத்தவர் அல்ல அவர். 1822-லேயே, கடன் கட்ட முடியாமல் பம்பாய் சிவில் ஜெயிலில் கிடந்த ஏழைகளின் கடனையெல்லாம் தாமே கட்டி வெளியே விட்டார்.

பம்பாய் மைதானத்தில் மாடு மேய்க்கச் சர்க்கார் வரி போட்டது. ஏழைகள் மாட்டை வைத்துக்கொண்டு தவித்தார்கள். தாக்குர்துவார் பக்கம் புல்வெளிகளை வாங்கி, இனாமாக மேய்க்கலாம் என்று விட்டார் ஜீஜீபாய். மேய்ச்சலுக்கு 'சர்னி' என்று பெயர். சர்னி ரோடு ஸ்டேஷனுக்குப் பெயர் அதனால் வந்தது என்பார்கள்.

மாகிமுக்கும் பாந்திராவுக்கும் நடுவே அன்று தோணிதான். மழைக்காலத்தில் கவிழ்ந்து ஆட்கள் சாவது வழக்கம். கும்பினி பாலம் போட மறுத்தது. ஜீஜீபாயின் மனைவி ஆவாபாய், பாட்டில் கடை மாமாவின் மகள், ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: சுங்கம் வசூலிக்கக் கூடாது. 1845-ல் சாலை திறந்தது. மாகிமில் இருக்கும் லேடி ஜாம்செட்ஜி ரோடு இந்த அம்மாளின் பெயரில்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பெருந்தொகை கொடுத்தார். கும்பினிச் சர்க்காரும் பங்கு போட்டது. 1845-ல் நோயாளிகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பார்சி, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் இல்லை. 1857-ல் ஓவியப் பள்ளி. அதுவும் 'ஜே.ஜே.'தான்.

ரயில்வேக்காரர்கள் தெரிந்துகொள்ள இன்னொன்று உண்டு. 1845-ல் ஜகன்னாத் சங்கர்சேட்டும் ஜீஜீபாயும் சேர்ந்து ரயில் சங்கம் ஆரம்பித்தார்கள். அது பிறகு ஜி.ஐ.பி. ரயில்வேயோடு இணைந்தது. 1853 ஏப்ரல் 16-ல் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு ஓடிய முதல் ரயிலுக்குப் பின்னால் இந்த இரண்டு பேரின் முயற்சியும் உண்டு. தார்வாட்டில் விளைந்த பஞ்சானாலும் நாசிக் வெங்காயமானாலும் துறைமுகத்துக்குச் சீக்கிரம் வர வேண்டும் என்பது வியாபாரியின் கணக்கு. அந்தக் கணக்கில் போட்ட தண்டவாளத்தில்தான் பின்னால் சென்னை மெயிலும் வந்தது, நம்மவர்களும் வந்தார்கள்.

தர்மமாகக் கொடுத்தது மொத்தம் 2,30,000 பவுனுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அபின் பணம் எவ்வளவு, பஞ்சுப் பணம் எவ்வளவு என்று அதில் பிரித்து எழுதவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற நோயாளிக்கு அந்தக் கணக்கு தேவையும் இல்லை. கான்டனில் அபின் குடித்துச் செத்தவனின் பிள்ளைக்குத் தேவைப்பட்டிருக்கும்.

1857-ல் பரம்பரைப் பட்டமான 'பாரனெட்' பட்டம் கிடைத்தது. அதையும் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1859 ஏப்ரல் 14-ல் தமது 75-வது வயதில் பம்பாயில் காலமானார். டவுன் ஹாலில் அவருக்குச் சிலை இருக்கிறது.

மறு ஆண்டு ஒரு சட்டம் வந்தது. பாரனெட் பட்டத்துக்கு வாரிசாக வருகிறவர் தம் சொந்தப் பெயரை விட்டுவிட்டு, ஜாம்செட்ஜி ஜீஜீபாய் என்றே பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பஜாரில் சேட்டுகளின் காதுக்குப் பழக்கமாக இருக்கட்டும் என்று பாட்டில் கடைப் பையன் மாற்றிக்கொண்ட அந்தப் பெயரைத்தான் அவர் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாகச் சட்டப்படி சுமந்தார்கள்.