சிமென்ட் இல்லாமல் அணை கட்டிய பென்னிகுவிக்... சுர்க்கியில் அப்படி என்ன இருக்கு?

ஜனவரி 15 வந்தால் தேனி மாவட்டத்தில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் படமும் இருக்கும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக். சொத்தை விற்றுக் கட்டினாரா என்ற வாட்ஸ்அப் சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். எதை வைத்துக் கட்டினார் என்பது அதைவிட சுவாரஸ்யம்.

1841-ல் புனேவில் பிறந்தவர். 1849 ஜனவரி 13-ல், சிலியான்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் இறந்தார்கள். இவருக்கு எட்டு வயது முடிய இரண்டு நாள்தான் பாக்கி. பிறகு இவரும் ராணுவப் பொறியியல் படித்து, 1860-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

மேற்கே ஓடும் பெரியாற்றை மதுரைப் பக்கம் திருப்பும் யோசனை பழசு. ஆனால் முந்தைய திட்டங்கள் மண் அணைக்கானவை. 1882-ல் திட்டத்தைத் திருத்தும் பொறுப்பு வந்ததும், கல்லும் காரையும் என்று மாற்றினார் பென்னிகுவிக். சிக்கலே அந்தக் காரையில்தான். அப்போது இந்தியாவில் சிமென்ட் ஆலையே கிடையாது. கப்பலில் வரவைத்து, மலை மேலே ஏத்தணும்.

சரி, சுண்ணாம்பு போதாதா? புதுக்கோட்டை மாவட்டம் கோனாப்பட்டு, ராயவரம் பக்கம் செட்டிநாட்டு வீடுகள் சுண்ணாம்பில்தான் நிற்கின்றன. ஆனால் வெறும் சுண்ணாம்பு காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் இறுகும். காற்றே போகாத, எப்போதும் ஈரமான அணையின் வயிற்றுக்குள் அது வேலைக்கு ஆகாது.

அங்கேதான் சுர்க்கி வருது. சுட்ட களிமண் பொடி, அவ்வளவுதான். களிமண்ணை சுமார் 600 முதல் 800 டிகிரி சூட்டில் சுட்டால், அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரியத் தயாராகிவிடும். தண்ணீர் சேர்ந்ததும் சிமென்டில் உருவாகும் அதே வகைப் பிணைப்பு உருவாகும், தண்ணீருக்குள்ளேயே இறுகும். சூடு ரொம்ப ஏறினால் இந்தக் குணம் போயிடும்.

1887-ல் வேலை தொடங்கியது. தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துப்போனது, மலேரியா தொழிலாளர்களைக் கொன்றது. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் பொறியியல் கல்லூரித் தலைவரானார் பென்னிகுவிக், 1911-ல் இறந்தார்.

சுர்க்கியை மந்திரப் பொடி ஆக்கிவிட வேண்டாம். கசிவு நீரில் சுண்ணாம்பு கரைந்து வெளியேறியதால், 1930-களிலேயே துளையிட்டு சிமென்ட் கரைசல் செலுத்தினார்கள். 1979-க்குப் பிறகு கான்கிரீட்டும் கம்பி வடங்களும் வைத்துப் பலப்படுத்தினார்கள். அதன் பிறகுதான், 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்க அனுமதித்தது.

ஆனால் சுட்ட களிமண் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்திருக்கு. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதனால் சிமென்டில் கிளிங்கரைக் குறைக்க உலகமே வழி தேடுது. சென்னை ஐஐடியும் பங்கெடுத்து ஆய்வு செய்த 'எல்சி3' சிமென்டில் பாதிதான் கிளிங்கர். 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக் கல், மிச்சம் ஜிப்சம். கார்பன் 40 சதவீதம் வரை குறையும்.

கடையில் வாங்கும் பிபிசி மூட்டையில் பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கும். அந்த பிபிசிக்கான இந்தியத் தர விதி 1489-ன் இரண்டாம் பகுதி, சுட்ட களிமண்ணுக்கு என்றே எழுதப்பட்டது.